சேர்த்துப் போட்ட பெயர்

“டாலரில் சம்பளம் வாங்குகிறவனுக்காக நீங்கள் எதற்கு ஐயா வக்காலத்து வாங்குகிறீர்கள்? கதை எழுதுகிற வேலையைப் பாருங்களேன்” என்று ஒரு கல்யாணப் பந்தியில் என்னைக் கேட்டார் ஒரு பெரியவர். வருமான வரி இலாகாவில் நீண்ட காலம் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். அப்போது பாயசம் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். சண்டை போடத் தோதான நேரம் அல்ல. “அப்புறம் சொல்கிறேன்” என்று சொல்லிவிட்டேன். அந்த அப்புறம் இதுதான்.

வரிச் சட்டத்தில் எனக்குப் பாண்டித்தியம் கிடையாது. கல்லூரிப் படிப்பையே முழுசாக முடிக்காதவன் நான். ஆனால் என் வீட்டில் நடந்த ஒரு காரியத்துக்காக ஆறு மாத காலம் அந்தச் சட்டத்தோடு மல்லுக்கட்ட நேர்ந்தது. ஒரு நாவலுக்குச் சேகரிக்கிற அளவுக்கு விஷயம் சேகரித்தேன். நாவலாக எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள் என்பதால் கட்டுரையாக எழுதுகிறேன்.

என் அக்காவின் வீட்டுக்காரர், எங்கள் அத்தான், கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹைஸ்கூலில் ஹெட்மாஸ்டராக இருந்து 2018-இல் ஓய்வு பெற்றார். கிராஜுவிட்டியும் சேமநிதியும் சேர்ந்து வந்ததில் 22 லட்சம் ரூபாயைப் பாங்கியில் டெபாசிட் செய்தார். செய்கிறபோது தம் பெயருக்குக் கீழே மகன் பெயரையும் சேர்த்துப் போட்டார். ‘இருவரில் எவரேனும், அல்லது உயிரோடிருப்பவர்’ என்கிற ஏற்பாடு. நம் வீடுகளில் இதற்கு அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். பணம் அப்பாவுடையது. பையன் அதில் ஒரு பைசாக்கூடத் தொடமாட்டான். அப்பாவுக்கு ஒன்று ஆகிவிட்டால் அம்மா பாங்கிக்கும் தாலுகா ஆபீசுக்கும் வாரிசுச் சான்றிதழ் கேட்டு அலையக்கூடாது. அவ்வளவுதான். உயில் எழுதக் கூச்சப்படுகிற தகப்பன்மார்கள் எழுதுகிற உயில் அது.

பையன் 2019 அக்டோபரில் எச்-1பி விசாவில் அமெரிக்காவுக்குப் போனான். நியூஜெர்ஸியில் வேலை. ஒழுங்காக வேலை பார்த்தான், ஒழுங்காக வரி கட்டினான். வரிக் கணக்கை எழுதித் தருகிற கம்ப்யூட்டர் புரோகிராம் வருஷாவருஷம் அவனை ஒரு கேள்வி கேட்டது: ‘வெளிநாட்டில் உனக்குப் பாங்கிக் கணக்கு உண்டா?’ ஊரில் இருந்த தன் சம்பளக் கணக்கைப் புறப்படும்போதே மூடிவிட்டவன் அவன். ‘இல்லை’ என்று குறி போட்டான். அப்பாவின் டெபாசிட் அவன் நினைவுக்கே வரவில்லை. வரவேண்டிய நியாயமும் இல்லை. அது அவன் பணமா என்ன?

2024-ஆம் வருஷம் பங்குனி மாதத்தில் ஒரு நாள் இரவு பதினொரு மணிக்கு என்னைக் கூப்பிட்டான்.

“மாமா, நீங்கள்தான் அப்பாவிடம் சொல்ல வேண்டும். அந்த டெபாசிட்டிலிருந்து என் பெயரை எடுத்துவிடச் சொல்லுங்கள்.”

“ஏண்டா, என்ன ஆச்சு?”

கல்யாணம் ஆன கையோடு வரிக் கணக்கு கொஞ்சம் சிக்கலாகிவிட்டதால் முதல் தடவையாக ஓர் ஆடிட்டரிடம் போயிருக்கிறான். அவர் கேட்ட பத்தாவது கேள்வியில் பூதம் புறப்பட்டுவிட்டது.

மறுநாளே கும்பகோணத்துக்குப் பஸ் ஏறினேன். டெலிபோனில் சொல்லுகிற விஷயமாக எனக்குப் படவில்லை. அத்தான் திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சுற்றி வளைத்து, சட்டம், டாலர், அபராதம் என்று எல்லாவற்றையும் சொல்லி, கடைசியில் விஷயத்துக்கு வந்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார்.

“சொத்தில் பெயர் சேர்க்கவில்லை என்று அப்பன் மேல் வழக்குப் போட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், தம்பி. பெயரை எடு என்கிற பிள்ளையை இப்போதுதான் பார்க்கிறேன்” என்றார்.

அக்கா உள்ளேயிருந்து வந்தாள். “எங்களோடு சேர்ந்து பெயர் இருக்கிறது அவனுக்குக் கௌரவக் குறைச்சலா?” என்று கேட்டாள். புதிதாக வந்த மருமகள் மேல்கூட ஒரு நொடி சந்தேகம் போயிற்று என்பதை நான் மறைப்பதற்கில்லை. அன்று சாயங்காலம் அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

இதைச் செய்தது யார் என்பதுதான் என் வழக்கு.

சட்டத்தைச் சொல்கிறேன். எச்-1பி விசாவில் போகிறவன் குடியுரிமை பெற்றவன் அல்ல. வரிக்கு மட்டும் அவன் அந்த நாட்டுக்காரன். அதைத் தீர்மானிக்க ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். இந்த வருஷம் அங்கே இருந்த நாட்கள் முழுசாக, போன வருஷத்து நாட்களில் மூன்றில் ஒரு பங்கு, அதற்கு முந்தின வருஷத்து நாட்களில் ஆறில் ஒரு பங்கு, மூன்றையும் கூட்டி 183 வந்துவிட்டால் அவன் ‘வாசி’. இந்த வருஷத்தில் 31 நாளாவது அங்கே இருந்திருக்கவும் வேண்டும். வாசியாகிவிட்டால் உலகத்தின் எந்த மூலையில் அவனுக்கு வருமானம் வந்தாலும் அங்கே கணக்குக் காட்ட வேண்டும். இது வரி. இதற்கு நான் தகராறு சொல்லவில்லை. அந்த நாட்டுச் சாலையில் போகிறவன் அந்த நாட்டுக்கு வரி கட்டட்டும்.

தகராறு அடுத்ததில். வரிக் கணக்குக்குச் சம்பந்தமில்லாமல், தனியாக, 114 என்ற எண்ணுள்ள ஓர் அறிக்கை இருக்கிறது. அதை வரி இலாகாவுக்கு அனுப்புவதில்லை. கருவூலத்தைச் சேர்ந்த, பணக் குற்றங்களைத் துப்பறிகிற ஒரு பிரிவுக்கு அனுப்ப வேண்டும். அமெரிக்காவுக்கு வெளியே உள்ள பாங்கிக் கணக்குகள் எல்லாவற்றையும் சேர்த்து, வருஷத்தில் ஒரே ஒரு நாளாவது, 10,000 டாலருக்கு மேல் இருந்துவிட்டால் இந்த அறிக்கை போயாக வேண்டும். 2024-இல் அது எட்டேகால் லட்சம் ரூபாய் சொச்சம். கள்ளப் பணத்தையும் ஸ்விட்ஸர்லாந்து பாங்கிகளில் ஒளித்த பணத்தையும் பிடிப்பதற்காக 1970-இல் செய்த சட்டத்திலிருந்து முளைத்தது இது. கூட்டுக் கணக்கானால் சேர்ந்திருக்கிற ஒவ்வொருவரும் முழுத் தொகையையும் காட்ட வேண்டும்; பாதி உனக்கு, பாதி எனக்கு என்பதெல்லாம் கிடையாது. பணம் யாருடையது என்ற கேள்வியே அங்கே அப்புறம்தான். பெயர் இருக்கிறதா? போதும்.

அறிக்கை போட்டால் ஒரு காசு வரி இல்லை. போடாவிட்டால், வேண்டுமென்று செய்யாத வெறும் மறதிக்குக்கூட, சட்டத்தில் எழுதியிருக்கிற அபராதத்தின் உச்சம் 10,000 டாலர். வேண்டுமென்றே மறைத்தான் என்று முடிவு கட்டினால் 1,00,000 டாலர் அல்லது கணக்கில் உள்ளதில் பாதி, இரண்டில் எது அதிகமோ அதுவரை போகலாம். இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். விலைவாசி ஏற ஏற இந்த அபராதத் தொகைகளை வருஷாவருஷம் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். அறிக்கை போட வேண்டிய வரம்பு மட்டும் பல பத்தாண்டுகளாக அதே 10,000 டாலர்தான். விலைவாசி ஏறுவது தண்டிக்கிறபோது ஞாபகம் வருகிறது, விடுவிக்கிறபோது மறந்துபோகிறது.

எங்கள் பையன் மூன்று வருஷ அறிக்கையை விட்டிருந்தான். அது போதாதென்று, வரிக் கணக்கில் ‘இல்லை’ என்று குறியும் போட்டுக் கையெழுத்தும் இட்டிருந்தான். ஸ்விஸ் பாங்கியில் பெருந்தொகை வைத்திருந்த ஒருவர் வழக்கில், 2012-இல், அப்படிப் போட்ட ‘இல்லை’யையும் இட்ட கையெழுத்தையுமே வேண்டுமென்று மறைத்ததற்கு அத்தாட்சியாக அங்கே ஓர் அப்பீல் கோர்ட்டு எடுத்துக்கொண்டது. இதை ஆடிட்டர் அவனிடம் சொன்ன அன்று அவன் தூங்கவில்லை. கும்பகோணத்து ஹெட்மாஸ்டருடைய கிராஜுவிட்டிப் பணமும் ஸ்விட்ஸர்லாந்தில் ஒளித்த பணமும் ஒரே பாரத்தில் ஒரே கட்டத்தில் வந்து நிற்கின்றன. அச்சடித்த படிவத்தை நாம் ‘பாரம்’ என்று சொல்லிப் பழகியது எத்தனை பொருத்தம் என்று அன்றைக்குத்தான் எனக்குப் பட்டது.

“சட்டம் தெரியாது என்பது ஒரு சாக்கா?” என்று கல்யாணப் பந்திப் பெரியவர் கேட்பார். கேட்டாரே! பாயசத்துக்கு முன்னால் ரசத்திலேயே கேட்டுவிட்டார். ஐயா, அந்த வாசகத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அது எங்கே பிறந்தது? பிறர் பொருளைத் திருடாதே, பிறனை அடிக்காதே என்கிற சட்டங்களுக்கு நடுவில் பிறந்தது. அவற்றைத் தெரிந்துகொள்ள யாரும் கெஜட்டு படிக்க வேண்டியதில்லை. ஆனால் கும்பகோணத்தில் அப்பா வைத்திருக்கிற டெபாசிட்டைப் பற்றி ஏப்ரல் 15-ஆம் தேதிக்குள் வாஷிங்டனுக்கு எழுதிப் போடவேண்டும் என்பதை எந்த மனச்சாட்சி ஒருவனுக்குச் சொல்லும்? அந்தத் தேதி தவறினால் தானாகவே அக்டோபர் 15 வரை தவணை உண்டாம். அதையும் எந்த மனச்சாட்சியும் சொல்லாது.

அவர்களுக்கே அந்தச் சட்டம் சரியாகத் தெரிந்திருக்கவில்லை என்பது இன்னும் பெரிய வேடிக்கை. ருமேனியாவில் பிறந்து அமெரிக்கப் பிரஜையாகி, பிறகு ருமேனியாவுக்கே திரும்பி வியாபாரம் செய்த பிட்னர் என்பவர் ஐந்து வருஷ அறிக்கைகளை உரிய காலத்தில் போடவில்லை. அபராதம் அறிக்கைக்கு இத்தனையா, அறிக்கையில் வரவேண்டிய கணக்குக்கு இத்தனையா என்று கேள்வி எழுந்தது. கணக்குக்கு இத்தனை என்றது அரசாங்கம். 272 கணக்குத் தவறுகள். ஆகவே 27 லட்சத்து 20 ஆயிரம் டாலர் எடு என்றது. 2023 பிப்ரவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: அறிக்கைக்கு இத்தனைதான்; ஐந்து அறிக்கைக்கு 50,000 டாலருக்கு மேல் போகக்கூடாது. ஒன்பது நீதிபதிகளில் ஐந்து பேர் இப்படிச் சொன்னார்கள். மற்ற நான்கு பேருக்கு அரசாங்கத்தின் கட்சியே சரி என்று பட்டது. அந்த நாட்டின் தலைசிறந்த ஒன்பது சட்ட நிபுணர்களே ஒரே வாக்கியத்தை இரண்டு விதமாகப் படிக்கிறார்கள். கும்பகோணத்துப் பையன் மட்டும் விமானத்தை விட்டு இறங்குகிறபோதே அதைச் சரியாகப் படித்திருக்க வேண்டுமாம்!

இதே இரண்டு அரசாங்கங்கள் நாகரிகமாகப் பேசுகிற இடமும் உண்டு. ஒரே வருமானத்துக்கு இரண்டு தேசத்திலும் வரி விழாமல் இருக்க இந்தியாவும் அமெரிக்காவும் 1989-இல் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. ஒருவனை இரண்டு நாடுமே ‘எங்கள் வாசி’ என்று உரிமை கொண்டாடினால் என்ன செய்வது என்று அதில் எழுதியிருக்கிறார்கள். முதலில், அவனுக்கு நிலையான வீடு எங்கே இருக்கிறது என்று பார். இரண்டு இடத்திலும் இருந்தால், அவனுடைய சொந்த உறவுகளும் பொருளாதார உறவுகளும் எங்கே நெருக்கமாக இருக்கின்றன, அவனுடைய ஜீவாதாரமான பற்றுகளின் மையம் எது என்று பார். படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இருபது வருஷமாக இந்த ஒரே கேள்வியைத்தான் நாவலாக எழுதிக்கொண்டிருக்கிறேன். இதை எழுதிய அதிகாரி யாரோ, மனிதன்! அந்த ஒரு வாக்கியம் எழுதத் தெரிந்தவர்களுக்கு, அப்பாவின் பணத்தில் பெயர் மட்டும் வைத்திருக்கிற பிள்ளைக்கு என்று ஒரு வாக்கியம் எழுதத் தெரியாமலா போயிற்று?

நிற்க. நான் முக்கியமாகச் சொல்ல வந்த குற்றச்சாட்டு இதைவிடப் பெரியது.

அமெரிக்கா 2010-இல் ‘ஃபாட்கா’ என்ற சட்டம் கொண்டுவந்தது. உலகத்துப் பாங்கிகளெல்லாம் அமெரிக்க வரிவாசிகளின் கணக்குகளைக் காட்டிக்கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஐந்தே வருஷத்தில், 2015 ஜூலை 9-ஆம் தேதி, நம் அரசாங்கம் அதற்கு ஒப்பந்தம் போட்டுக் கையெழுத்திட்டது. பாங்கியில் ‘வேறு நாட்டில் வரி கட்டுகிறீர்களா’ என்று ஒரு தாளை நீட்டி, குமாஸ்தா பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக் காட்டிய இடத்தில் நாமெல்லாம் கையெழுத்துப் போட்டோமே, அது இதற்காகத்தான். நம்மைப் பற்றிய தகவல் கப்பல் ஏறுவதற்கு ஐந்து வருஷம் போதுமாயிருந்தது.

இப்போது பையனின் சம்பளச் சீட்டைப் பாருங்கள். முதியோர் ஓய்வூதியத்துக்கு என்று நூற்றுக்கு 6.2, முதியோர் வைத்தியத்துக்கு என்று 1.45. மொத்தம் 7.65. வருஷத்துக்கு லட்சம் டாலர் சம்பளம் என்று வைத்துக்கொண்டால் 7,650 டாலர். முதலாளியும் அவன் கணக்கில் அதே அளவு கட்டுகிறான். எச்-1பி விசாவுக்குச் சாதாரணமாக ஆறு வருஷம்தான் ஆயுள். ஆறு வருஷத்தில் பையன் கையிலிருந்து மட்டும் 45,900 டாலர். அந்த ஓய்வூதியம் கிடைக்க வேண்டுமானால் பத்து வருஷ உழைப்புக் கணக்கில் ஏறியிருக்க வேண்டும். ஆறு வருஷம் உழைத்து ஊர் திரும்புகிறவனுக்கு? ஓய்வூதியமும் இல்லை, கட்டியது திரும்புவதும் இல்லை.

இதற்கு மருந்து கண்டுபிடிக்கப்படாமல் இல்லை. இத்தாலியில் தொடங்கி, 1978-லிருந்து முப்பது நாடுகளோடு அமெரிக்கா ஒப்பந்தம் செய்துகொண்டிருக்கிறது. கொஞ்ச காலத்துக்கென்று அனுப்பப்படுகிறவன் தன் நாட்டில் மட்டும் கட்டினால் போதும். இரண்டு நாட்டில் உழைத்த வருஷங்களையும் கூட்டிக்கொள்ளலாம். ஜெர்மனிக்காரனுக்கு உண்டு, ஜப்பான்காரனுக்கு உண்டு, கொரியாக்காரனுக்கு உண்டு. இந்தியனுக்கு இல்லை. நாமும் ஜெர்மனியோடும் ஜப்பானோடும் கானடாவோடும் இப்படி ஒப்பந்தம் போட்டிருக்கிறோம். அமெரிக்காவோடு மட்டும் பேச்சு, பேச்சு, பேச்சு. உங்கள் நாட்டில் எல்லோருக்கும் பொதுவான ஓய்வூதிய ஏற்பாடு இல்லையே என்பது அவர்கள் சொல்லுகிற காரணம். அது நமக்கு வெட்கக்கேடான காரணம்தான். அதனால் பையனிடம் பிடிப்பது நியாயமாகிவிடுமா? அப்பாவின் டெபாசிட்டைக் காட்டிக்கொடுக்க ஒத்துக்கொள்கிறபோது, அதே மேஜையில், ‘எங்கள் பையன்களின் ஓய்வூதியப் பணத்துக்கு என்ன பதில்?’ என்று கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லையா?

நம்மவர்களையும் விட்டுவைக்கப் போவதில்லை. ஆள் எடுத்து அனுப்புகிற கம்பெனிகள் புறப்படுமுன் வகுப்பு நடத்துகின்றன. குளிருக்கு என்ன உடுத்துவது, கடன் அட்டை எப்படி வாங்குவது, எந்தப் பக்கம் காரோட்டுவது எல்லாம் சொல்லுகிறார்கள். இந்த 114-ஐப் பற்றி எங்கள் பையனுக்கு ஒரு வார்த்தை சொன்னவர் இல்லை. பாங்கிகளோ வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு என்று கணக்குத் திறந்து ‘வரியில்லாத வட்டி!’ என்று விளம்பரம் செய்கின்றன. இந்தக் கரையில் அது சத்தியம். அந்தக் கரையில் அதே வட்டிக்கு வரி உண்டு. நம்மூர் பிராவிடண்ட் பண்டு வட்டியும் அப்படியே. அது மட்டுமா, நம் வருஷம் ஏப்ரலில் தொடங்குகிறது, அவர்கள் வருஷம் ஜனவரியில். பாங்கி கொடுக்கிற வட்டிச் சான்றிதழை மாதம் மாதமாக வெட்டி ஒட்டினால்தான் அங்கே செல்லும். மியூச்சுவல் பண்டு வாங்கிவைத்துவிட்டுப் போனவன் கதையைச் சொல்லவே வேண்டாம். அதற்கு 8621 என்று வேறொரு பாரம், பண்டுக்கு ஒன்று, வருஷத்துக்கு ஒன்று.

இவர்களையெல்லாம்விட எனக்கு ஆத்திரம் வருவது ஒரு ரகத்தார் மேல். “இதையெல்லாம் எவன் பார்க்கப் போகிறான்? பேசாமல் இரு” என்று உபதேசம் செய்கிறவர்கள். ஒவ்வொரு குடும்பத்திலும் இப்படி ஒரு சித்தப்பா இருக்கிறார். எங்கள் வீட்டிலும் ஒருவர் சொன்னார். தெரியாமல் விட்டதற்கு ஒரு விலை, தெரிந்தபின் மறைப்பதற்கு வேறு விலை என்பது அவருக்குத் தெரியாது. 2015-க்குப் பிறகு பார்ப்பதற்குத் தனியாக ஒருவனும் வேண்டாம், பாங்கியே சொல்லிவிடும் என்பதும் தெரியாது. அவருடைய தைரியத்துக்குக் கைதட்டிவிட்டு, விலையை மட்டும் அக்கா மகன் கொடுக்க வேண்டும்.

பையன் அவர் பேச்சைக் கேட்கவில்லை. தெரியாமல் விட்டவர்கள், வருமானத்தை மறைக்காதவர்கள், இலாகா தேடி வருவதற்குமுன் தாமாகவே முன்வந்து, காரணத்தை எழுதித் தாமதமாக அறிக்கை போட அங்கே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அந்த வழியை யாரும் பறைசாற்றுவதில்லை. ஆனால் இருக்கிறது. இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது அமெரிக்காவில் பிள்ளையோ பெண்ணோ இருந்தால், தயவுசெய்து இன்றைக்கே சொல்லி ஆடிட்டரிடம் விசாரிக்கச் சொல்லுங்கள். எங்கள் பையன் மூன்று அறிக்கைகளையும் போட்டான். காரணம் எழுத வேண்டிய இடத்தில் என்ன எழுதினாய் என்று கேட்டேன். ‘அது என் தகப்பனாரின் ஓய்வுக்காலப் பணம், அவருக்குப் பிறகு என் தாயார் சிரமப்படாமல் இருக்க என் பெயர் சேர்க்கப்பட்டது’ என்று எழுதினானாம். ஆடிட்டர் அதைப் படித்துவிட்டு ஒரு எழுத்துக்கூட மாற்றவில்லையாம். அவருக்குக் கூலி 2,000 டாலர். அபராதம் இதுவரை வரவில்லை.

பெரியவரே, வரி கட்டாதே என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. விசா ஒட்டிப் பாஸ்போர்ட்டைத் திருப்பித் தருகிறபோது, ‘அப்பா அம்மாவோடு சேர்ந்த கணக்கு இருந்தால் இதைச் செய்’ என்று ஒரே ஒரு பக்கம் அச்சடித்து உள்ளே வைக்கட்டும் என்கிறேன். டெபாசிட் பாரத்தில் இரண்டாவது பெயர் எழுதுகிற கட்டத்துக்குப் பக்கத்தில் நம் பாங்கிகள் ஒரு வரி சேர்க்கட்டும் என்கிறேன். வாங்கிக்கொள்ள அவசரப்படுகிற அரசாங்கங்கள் சொல்லிக்கொடுக்கவும் கொஞ்சம் அவசரப்படட்டும். ஓய்வூதிய ஒப்பந்தத்தை டில்லி விடாமல் கேட்கட்டும். இதில் எது உங்களுக்கு அதிகப்படியாகத் தெரிகிறது?

டெபாசிட் போன ஆவணியில் முதிர்ந்தது. அத்தானோடு நானும் பாங்கிக்குப் போயிருந்தேன். புதுப் பாரத்தில் இரண்டாவது பெயராக அக்காவை எழுதினார். குமாஸ்தாப் பெண், “சார், நாமினி யார்?” என்று கேட்டாள். நாமினி என்றால் கணக்கில் கூட்டு இல்லையே, அந்த நாட்டு அறிக்கையில் அவன் காட்ட வேண்டியதில்லையே என்று அத்தான் என்னைப் பார்த்தார். இல்லை என்றேன். இன்னொரு தரமும் கேட்டார். இல்லை என்று இன்னொரு தரமும் சொன்னேன். அப்புறம் பேனாவை எடுத்து, கரும்பலகையில் எழுதிக் காட்டுகிற அந்தப் பெரிய எழுத்தில், பையன் பெயரை, இனிஷியலைச் சுருக்காமல், தம் பெயரையும் சேர்த்து முழுசாக எழுதினார். கட்டத்துக்குள் அடங்கவில்லை. குமாஸ்தாப் பெண் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டாள்.